குட்டி விளையாட்டாகக் கடிக்கிறது, ரத்தம் வருகிறது: என்ன செய்யலாம்?

நாலாம்மாடி (யாங்கோன்)
இரவு 9.40

வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து நான்கு வாரம் ஆகிறது. ஷ்வே என்று பெயர், பர்மியில் பொன் என்று அர்த்தம், நிறம் அப்படிப் பொன்னாக இருக்கிறது. தெருமுனை டீக்கடைக்குப் பின்னால் ஒரு தெருநாய் போட்ட குட்டி. தாய் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டது. கடைக்காரர் குட்டிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். அப்போது ஐந்து வாரம் இருக்கும், இப்போது ஒன்பது.

மடியில் தூங்கும்போது பார்த்தால் கண் பட்டுவிடும் போல இருக்கும். விழித்துவிட்டால் கடிதான். காலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் கைலி ஓரத்தைக் கவ்விக்கொண்டு தரையோடு இழுபட்டே வருகிறது. மகளுக்கு ஏழு வயது. அவள் குதிகாலில் ஊசியால் கீறியது போலச் சிவப்புக் கோடுகள் வரிசையாக இருக்கின்றன. மகனுக்கு நான்கு. அவன் ஓடினால் துரத்துகிறது, அலறினால் இன்னும் வெறி பிடித்தது போலப் பாய்கிறது. நேற்று அவன் கட்டைவிரலில் பல் இறங்கி ரத்தம் வந்துவிட்டது.

கத்திப் பார்த்தேன். வாயைப் பிடித்து அழுத்தியும் பார்த்தேன். அதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொள்கிறது. போங்கி மடத்தில், அதாவது புத்த பிக்குகள் மடத்தில், விட்டுவிடலாம், அங்கே சோறு கிடைக்கும் என்கிறார் மாமியார். பிள்ளைகள் அழுகிறார்கள். எனக்கும் மனம் வரவில்லை. இப்போதே இப்படிக் கடிக்கிறதே, பெரிதானால் ஆளைக் கடிக்கும் நாயாகிவிடுமோ என்பதுதான் என் பயம். வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

தாக்கேத்தா அக்கா
இரவு 10.05

தம்பி, குட்டியைப் பழக்குவது பற்றி அப்புறம் பேசலாம். நேற்று ரத்தம் வந்த காயத்தை எப்படிக் கழுவினீர்கள்? பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா?

தாய் தெருநாய், ஊசி போட்டதா என்று யாருக்கும் தெரியாது. குட்டிக்கும் இன்னும் ஊசி போட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் ஷ்வேக்கு வெறிநோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருக்காது. ஆனால் நம் மியன்மாரில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. குட்டிதானே, பால்பல்தானே என்று விடுகிற விஷயம் இல்லை இது.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு. அது தேவையா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மகளுடைய கீறலையும் காட்டுங்கள். நாளைக் காலை முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

பழைய ரங்கூன்
இரவு 10.50

நான் சிறுவனாக இருந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நாய் இல்லாத நாள் கிடையாது. அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. செய்தித்தாளைச் சுருட்டி மூக்கின் மேல் ஒரு தட்டு தட்டினால் போதும், வலிக்காது, சத்தத்துக்கே பயப்படும். அதற்கும் அடங்கவில்லை என்றால் மல்லாக்கப் போட்டு, கழுத்தடியில் கை வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் எஜமான் என்று தெரிந்துவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. பிள்ளைகள் இருக்கிற வீடு, இரக்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தட்டோன்காரன்
காலை 5.30

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் அதே பழமொழியை நம்பி நான் ஒரு நல்ல நாயைக் கெடுத்தேன். அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன்னால், கொல்லைக் காவலுக்கு ஒரு கறுப்புக் குட்டி வைத்திருந்தேன். வாய் துறுதுறு என்று எதையாவது கவ்விக்கொண்டே இருக்கும். கடித்தால் அடித்தேன். சோற்றுத் தட்டுப் பக்கம் போனால் உறுமும், அதற்கும் அடித்தேன். ஐந்தாறு மாதத்தில் உறுமுவதை விட்டுவிட்டது. அடங்கிவிட்டது என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அடுத்த நெல் அறுப்பில், களத்து மேட்டில் அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் தம்பி மகன், பத்து வயதுப் பையன், தட்டைத் தாண்டி நடந்தான். ஒரு உறுமல் இல்லை, பல்லைக் காட்டவில்லை. நேரே ஆடுசதையைப் பிடித்துவிட்டது. ஏழு தையல். இன்றைக்கும் அவன் கைலியை மடித்துக் கட்டினால் அந்தத் தழும்பு தெரிகிறது, எனக்குத் தலை குனிகிறது.

கிட்டே வராதே என்று அது சொல்வதற்கு இருந்த ஒரே வார்த்தை அந்த உறுமல். அதை நான் அடித்துப் பிடுங்கிவிட்டேன். பயம் மட்டும் உள்ளே அப்படியே இருந்தது.

மாட்டுக்கு வருவோம். நான் இன்றும் ஏர் மாடு வைத்திருக்கிறவன். பால் குடிக்கிற கன்றை யாராவது அடித்துப் பழக்குவார்களா? கழுத்தில் கயிறு போட்டு, தடவிக் கொடுத்து, பழகின மாட்டோடு நடக்கவிட்டுத்தானே பழக்குகிறோம்? ஒன்பது வாரக் குட்டி கன்றைவிடச் சின்னது.

இப்போது இருக்கிற நாய்க்கு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பல் தோலில் அழுத்தமாகப் பட்டால் அந்த நொடியே விளையாட்டு முடிந்தது. கையைப் பிடுங்கமாட்டேன், பிடுங்கினால் துரத்தும். கையைத் தொய்வாக விட்டு, அது விட்டதும் எழுந்து திரும்பி நின்றுகொள்வேன். திட்டு இல்லை, பார்வைகூட இல்லை. மனதுக்குள் இருபது எண்ணுவேன். அமைதியாக இருந்தால் மறுபடி உட்கார்ந்து விளையாட்டு. ஒரு நாளில் இதை இருபது முப்பது தடவைகூடச் செய்ய வேண்டியிருக்கும். அலுப்பாக இருக்கும், ஆனால் பலன் உண்டு.

நாலாம்மாடி (யாங்கோன்)
மாலை 4.15

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போனேன். இருவருக்கும் முதல் ஊசி போட்டார்கள். மகனுக்கு விரலைச் சுற்றியும் மருந்து போட்டார்கள், துடித்துவிட்டான். அடுத்த தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருக்கச் சொன்னார்கள். சாப்பாடு, நடை, குரல் எதில் மாற்றம் தெரிந்தாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை, மடத்தில் விட்டிருந்தால் எப்படிக் கவனித்திருப்போம்?

பழைய ரங்கூன் ஐயா சொன்னதை நேற்று இரவே ஒரு தடவை செய்துவிட்டேன், மறைக்கவில்லை. செய்தித்தாளால் தட்டியதும் கட்டிலடியில் ஓடிப்போய் அங்கேயே மூத்திரம் போய்விட்டது. கூப்பிட்டால் வரவில்லை. அரை மணி கழித்து வந்து என் கையை நக்கியது. மறுபடி என்னால் அது முடியாது.

தட்டோன் அண்ணன் முறையை இன்று காலையிலிருந்து செய்கிறேன். என்னிடம் கொஞ்சம் கேட்கிறது, பிள்ளைகளிடம் கேட்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். பகலில் சுமாராக இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி, பாயைக் கிழித்து, யார் கால் கிடைத்தாலும் கடிக்கிறது. கரண்ட் போகிற நேரமும் அதுதான், மின்விசிறி இல்லை, எல்லோரும் ஒரே அறையில் புழுங்கிக்கொண்டு இருக்கிறோம். ஏன் அந்த நேரத்தில் மட்டும்?

யெசின்_மாணவன்
இரவு 8.20

நான் யெசினில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். இன்னும் டாக்டர் ஆகவில்லை, படித்ததையும் சேரியில் தடுப்பூசி முகாமில் பார்த்ததையும் சொல்கிறேன்.

மாலையில் வருவது கோபம் இல்லை, தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் போலத் தூங்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் யாராவது தூக்கிக்கொண்டே இருப்பார்கள், அது தூங்கியிருக்காது. நம் பிள்ளைகளும் தூக்கம் கெட்டால் மாலையில் காரணமே இல்லாமல் அடம் பிடிப்பார்கள் அல்லவா, அதே கதைதான். ஒரு மணி நேரம் விழித்திருந்தால், அடுத்து ஒரு இருட்டான காற்றோட்டமான மூலையில் படுக்க வையுங்கள். தூங்குகிற குட்டியை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கடிக்கிறது? குட்டிக்குக் கை கிடையாது, வாய்தான் கை. புதிதாக எதைப் பார்த்தாலும் கவ்வித்தான் தெரிந்துகொள்ளும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை அது கூடப்பிறந்த குட்டிகளிடம் கற்றுக்கொள்ள வேண்டும். அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி விளையாட்டை விட்டுவிட்டுப் போய்விடும், தாயும் எழுந்து போய்விடும். எட்டு வாரம் வரையாவது கூட இருந்தால் இந்தப் பாடம் ஓரளவு முடிந்திருக்கும். ஷ்வே ஐந்தாவது வாரத்தில் பிரிந்துவிட்டது. பாடம் பாதியில் நின்றுபோயிற்று, மீதியை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தட்டோன் அண்ணன் செய்வது அந்தத் தாய்நாய் செய்கிற வேலையேதான்.

எடுத்தவுடன் வாயே படக்கூடாது என்று ஆரம்பிக்க வேண்டாம். முதலில் வலிக்கிற கடியை மட்டும் நிறுத்துங்கள். அது குறைந்த பிறகு லேசாகக் கவ்வுவதையும் நிறுத்தலாம். அழுத்தத்தை அடக்கத் தெரிந்த நாய், என்றாவது பயத்தில் கடித்துவிட்டாலும் பெரும்பாலும் ஆழமாகக் கடிக்காது. அதனால்தான் இந்த வரிசை.

மல்லாக்கப் போட்டு அழுத்துவது பற்றி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு ஒரு எஜமான் அடக்கி ஆள்கிறான் என்ற எண்ணம், 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் விலங்குக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்கள், தப்பிக்க வழியில்லாத இடம். அந்தக் கருத்தைத் தானும் பரப்பிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே பிற்பாடு காட்டில் ஓநாய்களோடு பல கோடைகாலம் இருந்து பார்த்துவிட்டு, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். அழுத்திப் பிடித்த குட்டி மரியாதையில் அசையாமல் இருப்பதில்லை, பயத்தில் உறைந்துபோகிறது.

விளையாட்டுக்கடி எது, உண்மையான கடி எது என்று தெரிந்துகொள்ளவும் வேண்டும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி, உடம்பு குழைய, வாய் திறந்து வந்தால் அது விளையாட்டு. விளையாட்டிலும் உறுமும், அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். உடம்பு விறைத்து, கண் நிலைகுத்தி, உதடு சுருண்டு, தட்டுக்கோ எலும்புக்கோ மேல் கவிழ்ந்து நின்றால் அது வேறு. அப்போது விலகுங்கள், கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

வெறிநோய் ஊசி பொதுவாக மூன்று மாதத்தில் போடுவது. நோய் இருக்கிற ஊரில் அதற்கு முன்பே போட்டு, பிறகு மறுபடியும் போடுவதுண்டு. பத்து நாள் முடிந்ததும் டாக்டரைக் கேளுங்கள்.

மோல்மேன் தங்கச்சி
இரவு 9.10

கடித்தால் குட்டி மாதிரியே 'வீல்' என்று கத்துங்கள், விட்டுவிடும் என்று எனக்கு ஒருவர் சொன்னார். சில குட்டிக்கு அது சரிப்படும் போல. எங்கள் குட்டி அந்தச் சத்தம் கேட்டால் எலியைக் கண்டது போல ஆகிவிடும். உங்கள் மகன் அலறினால் ஷ்வே பாய்கிறது என்றால் அதுவும் இந்த ரகம்தான், கத்த வேண்டாம்.

எனக்குக் கைகொடுத்தது, எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் கடிக்க ஒரு பொருள் வைத்துக்கொண்டது. பழைய கைலியைக் கிழித்து மூன்று பிரியாகப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டேன். ஒரு முழ நீளம் இருக்கட்டும், குட்டையாக இருந்தால் பல் விரலுக்கு வந்துவிடும். அதை நனைத்து மண்பானையை ஒட்டி வைத்துவிடுவேன். கரண்ட் இல்லாததால் ஐஸ்பெட்டியை நம்ப முடியாது, பானை ஈரத்தின் குளிர்ச்சியே ஈறுக்கு இதமாக இருக்கிறது. கையைப் பார்த்து வாய் வரும்போதே துணியைக் கொடுத்துவிட வேண்டும். கடித்த பிறகு கொடுத்தால், கடித்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு தப்பும் செய்தேன். தம்பி காலால் தட்டி ஆடிப் பழசான சின்லோன் பந்தை, பிரம்பில் பின்னியதை, கொடுத்தோம். உருட்டி விளையாட அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது நாள் பிரம்புச் சிம்பு ஒன்று மேல்வாயில் குறுக்காகக் குத்தி நின்றது. வாயை வாயைத் தேய்த்துக்கொண்டு அழுதது, விளக்கைப் பிடித்துப் பார்த்துத்தான் எடுத்தோம். பிரம்பு வேண்டாம், வெந்த எலும்பும் வேண்டாம், இரண்டும் சிம்பு சிம்பாக உடையும். பழைய செருப்பும் கொடுக்காதீர்கள், பழைய செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

பழைய ரங்கூன்
மறுநாள் காலை 7.00

தட்டோன் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு நாய், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் என் அக்காளைக் கடித்தது. நன்றி கெட்ட நாய் என்று அப்பா அதைத் துரத்திவிட்டார். உறுமாத நாய் அது. இத்தனை வருடம் கழித்து நேற்று இரவுதான் அது ஏன் என்று யோசித்தேன். செய்தித்தாள் யோசனையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வியை விடமாட்டேன். பெரியவர்கள் எழுந்து நிற்கலாம், இருபது எண்ணலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படி முடியும்? குட்டி பழகும் வரைக்கும் அந்தப் பிள்ளை கடிபட வேண்டுமா?

தாக்கேத்தா அக்கா
காலை 8.30

ஐயா கேட்டது சரியான கேள்வி. கடிபடக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளை குட்டியைப் பழக்காது, பழக்க விடவும் கூடாது. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். சோறு வடிக்கிற ஐந்து நிமிடம்கூட வேண்டாம். என் பேரனுக்காக அடுப்படி வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பலகை அடைத்தேன். குட்டி அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம். இருவரும் பார்த்துக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம், கடி இல்லை.

பிள்ளைக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: குட்டி பாய்ந்தால் வாழைமரமாக நில். கையைக் கட்டிக்கொள், காலைச் சேர்த்துக்கொள், மேலே பார். ஓடுகிற காலும் வீசுகிற கையும்தான் அதைக் கூப்பிடுகின்றன. நாய் இல்லாத நேரத்தில் விளையாட்டாகப் பத்துத் தடவை பழகவிடுங்கள். மகளுக்குப் பின்னல் தொங்கினால் தூக்கிக் கட்டுங்கள்.

அப்புறம், வீட்டு ஆண்கள் கையை ஆட்டி ஆட்டிக் குட்டியோடு மல்லுக்கட்டுவதை நிறுத்த வேண்டும். அப்பாவின் கையைக் கடித்தால் சிரிப்பு, தம்பியின் கையைக் கடித்தால் திட்டு என்றால் பாவம் அதற்கு என்ன புரியும்?

நாலாம்மாடி (யாங்கோன்)
மூன்று வாரம் கழித்து

அக்கா, அந்தக் கடைசிப் பத்தி எனக்கே எழுதியது போல இருந்தது. கையால் மல்லுக்கட்டினது நான்தான். நிறுத்திவிட்டேன்.

முதல் வாரம் கஷ்டம். ஐந்தாம் நாள் கடி இன்னும் அதிகமானது போல இருந்தது, விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. முன்பு கடித்தால் கவனம் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது என யெசின் தம்பி தனிச்செய்தியில் சொன்னார். பொறுத்துக்கொண்டோம். தூக்க நேரத்தை மகள் சுவரில் கரியால் எழுதி வைத்துக் காவல் காக்கிறாள். மாலைச் சுற்று பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் மாற்றம் தெரிந்தது முதலில் அந்தத் தூக்கத்தால்தான்.

மகன் வாழைமரம் ஆகிவிட்டான். பால்கனியிலிருந்து கிளிப் மாட்டின கயிற்றைத் தெருவுக்கு இறக்கி மொகிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) வாங்குவோம். அந்தக் கயிறு மேலே வரும்போது ஷ்வே பாய்ந்து தாவும், அவன் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பான். நேற்று அது அவன் காலடியில் தானாகவே உட்கார்ந்தது. பத்து நாள் காவலும் நல்லபடி முடிந்தது. வெறிநோய் ஊசியும் போட்டாகிவிட்டது. ஊசி மருந்துக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. மாமியார் மடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

யெசின்_மாணவன்
அன்று இரவு

மகிழ்ச்சி அண்ணா. நான்கு மாதம் நெருங்கும்போது மறுபடி கடி கூடினால் மனம் உடைந்துவிடாதீர்கள். பால்பல் 28-ம் விழுந்து 42 பல் முளைக்கிற காலம் அது, ஏழு மாதம் வரைகூட ஆகலாம். ஈறு ஊறும், மேசைக்கால் முதல் எல்லாவற்றையும் மெல்லும். ஈரத்துணியை நிறுத்தாதீர்கள். சட்டம் அதேதான்.

நாலாம்மாடி (யாங்கோன்)
இன்னும் ஒரு மாதம் கழித்து

தம்பி சொன்னது போலவே வந்தது. மேசைக்கால் போயிற்று, ஆனால் ஆள்மேல் பல் இல்லை. அவசரத்தில் என் விரல் வாய்க்குள் போய்விட்டால் அதுவே வாயைத் திறந்துகொண்டு பின்னால் போகிறது.

இன்று காலை கைலிக் கயிற்றின் முடிச்சுக்குள் அரிசி போல ஒன்று சிக்கியிருந்தது. உடைந்த அரிசி என்று தட்டிவிடப் போனேன். மகள் பிடுங்கிப் பார்த்தாள், ஷ்வேயின் முன்பல். அவளுக்கும் போன வாரம்தான் மேல்பல் ஒன்று விழுந்தது, முகத்தில் பூசும் தனக்கா டப்பாவில் வைத்திருந்தாள். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி, எது யாருடையது என்று மூடியில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.